எஸ்கந்தர் எழுதித் தந்த விமானம்

அஹ்வாஸில் விமான டிக்கெட் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை, நேரத்தையும் கேட்பதில்லை. நாற்காலியில் உட்காரும் முன்பே, "எது?" என்பார்கள். வால் எஞ்சினா, இறக்கை எஞ்சினா என்று அர்த்தம். ஒரே குளிர்காலத்தில் வால் எஞ்சின் விமானம் இரண்டு விழுந்த பிறகு, இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் கடையில் எஸ்கந்தர் இருந்தார். பஸ், ரயில், கர்பலா யாத்திரை எல்லாம் என் மேசை. விமானம் முழுக்க அவர் மேசை. டிக்கெட்டை உறையில் போட்டு, உறையின் மேல் விமானத்தின் பெயரைப் பென்சிலால் எழுதித் தருவார். அவர் எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சிலர் அந்த உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருஷமாக நானும் இதே கடையில்தான் குப்பை கொட்டுகிறேன். என்னிடம் வாங்கின பஸ் டிக்கெட்டை எவனாவது கண்ணில் ஒற்றியிருப்பானா?

ஆனால் அவரை நம்பியதில் நியாயம் இருந்தது. ஒன்பது வயதில் யுத்தத்துக்குப் பயந்து எல்லை ஊரான கோரம்ஷஹரை விட்டு ஓடிவந்தவர். தம்பி ஜம்ஷீதை இடுப்பில் சுமந்துகொண்டு, வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சத்தத்தை வைத்தே சொன்ன பையன். பெரியவனானதும் பதினெட்டு வருஷம் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றினார். முதுகு போனதும் எங்கள் முதலாளி இரக்கப்பட்டு மேசை வேலை கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டு மாடியிலேயே இருந்துவிட்டார். ஏழு வருஷத்துக்கு முன் தம்பி குடும்பமே சாலை விபத்தில் போய்விட்டது. அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. கூரைக்கு மேல் ஏதாவது பறந்தால் தேநீர்க் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்காமலே, "வால்" என்பார். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் வால்தான்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு துரான் அக்கா புருஷனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். என் மகள் ஷீவாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் அவள். புருஷன் பர்வீஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு வருஷம் பட்டியலில் காத்துக்கிடந்த மனிதருக்கு அன்று காலை தெஹ்ரானிலிருந்து போன் வந்திருந்தது. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்குள் வந்து சேருங்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு.

"எதுண்ணே?" நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒரு மணி விமானத்துல ரெண்டு சீட் இருக்கு. இன்னிக்கு அது ஒண்ணுதான்."

"மணி கெடக்கட்டும். எது?"

"இறக்கைதாம்மா. உக்காருங்க."

"சத்தியமா?"

பர்வீஸ் சிரித்தார். "எனக்கு ரெண்டும் போச்சு. இவளுக்கு எஞ்சின் எந்தப் பக்கம் இருக்குங்கறதுதான் கவலை."

"நீங்க சும்மா இருங்க! நாலு வருஷம் உசுரக் கையில புடிச்சிட்டு இருந்தது வானத்துல விடறதுக்கா?"

எஸ்கந்தர் உறையின் மேல் எழுதிக் கொடுத்தார். துரான் அதைப் படித்த பிறகுதான் மூச்சு விட்டாள். போகும்போது என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். நானும் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

அவர்கள் போன பின் எஸ்கந்தர் கோப்பைகளைக் கழுவப் பின்பக்கம் போனார். என் கம்ப்யூட்டர் வழக்கம்போல மக்கர் பண்ணியது. நாலு யாத்ரீகர்களின் பெயரைப் பதிய அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் அந்த ஒரு மணி விமானம் அப்படியே திறந்து கிடந்தது. கடைசிக் கட்டத்தில் விமானத்தின் ரகம் போட்டிருந்தது. வால் எஞ்சின்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தவறியிருக்கும் என்று முந்தின நாளைத் திறந்தேன். முந்தின வாரத்தைத் திறந்தேன். பிறகு, யா அல்லா, என் மகள் ஷீவா போன தேதிகளைத் திறந்தேன். வயிற்றில் பிள்ளையோடு அவள் மூன்று முறை தெஹ்ரான் போனாள். மூன்று முறையும் அங்கிருந்து போன் போட்டு, "அம்மா, கடைசி நிமிஷத்துல வாலை மாத்தி விட்டுட்டாங்க" என்று பல்லைக் கடித்தாள். நான் விமானக் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். கம்பெனிக்காரன் எதையும் மாற்றவில்லை. டிக்கெட் போட்ட நாளிலிருந்தே அது வால்தான்.

எஸ்கந்தர் ஈரக் கையோடு வந்து நின்றார். திரையையும் என்னையும் பார்த்தார்.

"எம் பொண்ண... புள்ளத்தாச்சிய..."  என் குரல் தெருவுக்கே கேட்டது. "நீங்க மனுஷனாய்யா? உங்க கையால உப்புப் போட்ட சோறு தின்னிருக்கேன்! எத்தன பேருக்கு எழுதினீங்க இப்படி?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா!"

"ஏழு வருஷமா. வால்னு எழுதுனா ரோட்டுல போயிருவாங்க மஹ்ருக். இறக்கைன்னு எழுதுனா விமான நிலையம்வரைக்கும் போவாங்க. பெட்டி உள்ள போயிரும், கண்ணாடி வழியா வாலைப் பாப்பாங்க, கம்பெனியத் திட்டுவாங்க, ஏறிடுவாங்க. யாரும் ஏறாமத் திரும்பி வர்றதில்ல."

"விழுந்தா?"

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கையைத் துடைக்கவே இல்லை.

"ஜம்ஷீத் மச்சினி கல்யாணத்துக்குக் கெளம்புனான். பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. நான்தான் சொன்னேன், வால்டா, ஏறாதன்னு. அவன் பள்ளிவாசல் ஹாஜி ஐயாவுக்குப் போன் போட்டான். விமானத்துல போலாமான்னு கேட்டான். அவர் வேதத்தத் திறந்து பாத்துட்டு, கெட்டதுன்னாரு. வீடே சிரிச்சுது மஹ்ருக். பொழச்சோம்னு இனிப்பு எடுத்தோம். நானே கார்ல காத்து அடிச்சு விட்டேன். கொர்ரமாபாத் மலையில தர்பூசணி லாரி. நாலு பேரும்."

நான் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அந்த வால் அன்னிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே எறங்கிடுச்சு. விமானத்தப் பத்திக் கேட்டோம். ரோட்டப் பத்தி யாராவது கேட்டோமா? ஏன் கேக்கத் தோணல?"

இந்த ஊரில் யாருக்குத்தான் தோன்றியிருக்கிறது? விமானம் என்றால் ஹாஜி ஐயாவுக்குப் போன் போடுவோம். அவர் வேதத்தைத் திறந்து, கண்ணில் படுகிற வரியை வைத்து நல்லது, நடுத்தரம், கெட்டது என்று சொல்வார். கார் என்றால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். நானே அப்படித்தான். அது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விடவில்லை.

"அதுக்காகப் பொய்யா? இனி என் முன்னாடி ஒரு பொய் எழுதுனீங்க, முதலாளிட்ட நானே போவேன். செத்தாலும் சாகட்டும், தெரிஞ்சு சாகட்டும்!"

அவர் தலையாட்டினார். அப்போதுதான் கடை போன் அடித்தது. எடுத்தால் துரான். விமான நிலையத்திலிருந்து கத்தினாள்.

"எங்க அந்த ஆளு? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குது வால்! மாத்திட்டீங்களான்னு கவுண்டர்ல கேட்டேன். ஒரு மாசமா இதே விமானந்தான் போவுதுங்கறான்! உங்க எஸ்கந்தர் பொய் எழுதியிருக்கான்டீ!"

எல்லோரையும் போல இவள் கம்பெனியைத் திட்டிவிட்டு ஏறவில்லை. கணக்கு டீச்சர், போய் விசாரித்துவிட்டாள். எஸ்கந்தரைப் பார்த்தேன். அந்த முகத்தில் உயிரே இல்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. ஏறிடுங்க. ஷீவா இதுல மூணு தடவ போயிருக்கா."

"தெரிஞ்சு அனுப்புனியா?"

 பொய் சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

"தெரியாமக்கா."

"பாத்தியா! தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பியா? ஹாஜி ஐயாட்ட இப்பத்தான் கேட்டேன். கெட்டதுன்னுட்டாரு. எந்தம்பி கார் எடுத்துட்டு வந்துட்டான். ஒம்பது மணி நேரத்துல கொண்டுபோயிடுவான். ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆனா ஆஸ்பத்திரில கெஞ்சிக்கறேன்."

"அக்கா, ரோட்டப் பத்தியும் கேளுங்க! ஹாஜி ஐயாட்ட ரோடு எப்படின்னு கேளுங்க!"

"ரோட்டுக்கு எதுக்குடீ கேக்கணும்? ஊரே ரோட்டுலதான் போகுது."

பின்னால் பர்வீஸ் குரல் கேட்டது: "துரான், நான் ஏறிடறேன், நீ கார்ல வா." "வாய மூடிட்டு வாங்க!" என்றாள் அவள். போன் நின்றுவிட்டது.

ஒரு மணி பத்துக்குக் கூரைக்கு மேல் சத்தம் போனது. எஸ்கந்தர் நிமிரவில்லை, என்ன ரகம் என்றும் சொல்லவில்லை. இரண்டரைக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது: தெஹ்ரான், இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் கடையை மூடி வீட்டுக்குப் போகவில்லை, இரண்டு பேரும். நான் வாங்கி வந்த ஃபலாஃபெல் வடைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் எஸ்கந்தர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்ப்பார். அந்திமெஷ்க் தாண்டியிருப்பார்கள். கொர்ரமாபாத் மலை ஏறியிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் கடைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.  நான் விற்ற இரண்டு பஸ் டிக்கெட்டில் ஊரையே மாற்றிப் போட்டிருந்தேன். அந்த மனிதர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவர்கள் உயிரோடு மலையைத் தாண்டினால் போதும் என்று மட்டும் இருந்தது.

எட்டரைக்குப் போன் அடித்தது. எஸ்கந்தர் எடுத்தார். துரானின் குரல் எனக்கே கேட்டது. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஸாவே கிட்ட நிக்கறோம், தெஹ்ரானுக்கு இன்னும் ஒன்னரை மணி நேரம் இருக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. காத்திருக்க முடியாதாம். அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

எஸ்கந்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த வால் என்னாச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"கெளம்பல தாயி," என்றார் அவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எஞ்சின்ல கோளாறு. ரத்து பண்ணிட்டாங்க. நீங்க அங்க இருந்திருந்தாலும் போய்ச் சேந்திருக்க மாட்டீங்க."

 துரான் சொன்னாள்: "உங்க வார்த்தைய நான் நம்ப மாட்டேன். மஹ்ருக்கிட்ட குடுங்க."

அவர் போனை நீட்டினார். முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு நேரே திரை இருந்தது, அதில் பச்சை எழுத்து இருந்தது. காலையில் இதே இடத்தில் நின்றுதான் தெரிந்து சாகட்டும் என்று கத்தினேன். நாளைக்கே யாரையாவது விசாரித்தால் இவளுக்குத் தெரிந்துவிடும். பின்னால் பர்வீஸ் இருமுவது கேட்டது.

"மஹ்ருக்? சொல்லுடீ. அது போச்சா இல்லியா?"

"போகலக்கா," என்றேன். "ரத்துதான். நீங்க செஞ்சது சரி."

துரான் அழ ஆரம்பித்தாள். "கேட்டீங்களா, கேட்டீங்களா, அது போகவே இல்லியாம்" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் போனை வைக்காமல் அது முழுவதையும் கேட்டேன்.