கொட்டாஞ்சேனைக்கு லேசான வழி

வெள்ளவத்தையில் என் அறையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் சைக்கிளில் போவது ஒரு பெரிய காரியமே இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் ஏறினால் இடது பக்கம் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும் கூடவே வரும். கொள்ளுப்பிட்டி தாண்டிக் காலிமுகத்திடலில் காற்று பக்கத்திலிருந்து தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் சரி. கோட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமையில் காவலாளிகளைத் தவிர ஆளில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைகள் பூட்டியிருக்க, கோயில் மணி மட்டும் கேட்கும். பிறகு ஒரேயொரு ஏற்றம். அது முடிந்தால் அக்கா வீடு.

பெற்றோல் இல்லாத மாதங்களில்தான் இந்தப் பழைய சைக்கிளை வாங்கினேன். அதுவரை அக்காவைப் பார்க்க பஸ்ஸில் போய் வந்தவன். அந்த நாட்களில் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஒரு திரீவீல்காரர் என்னைப் பார்த்து, "அண்ணன், உங்கட வண்டிக்குச் சோறு போட்டாப் போதும்" என்றார். செட்டியார் தெருவில் தேத்தண்ணி ஊற்றுகிறவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால், "கடவுள் இருக்கிறார், கஸ்டமர்தான் இல்லை" என்பார். இப்படியான சொல்லுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய் அக்காவிடம் கொட்டுவது என் வழக்கம். அவள் சிரிக்க மாட்டாள். "இதுக்கோ இவ்வளவு தூரம் உழக்கி வந்தனி?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிள் என்னிடமே நின்றுவிட்டது. ஞாயிறுகளில் பழைய கொழும்பைச் சைக்கிளில் சுற்றும் ஒரு கூட்டம் வழியில் அறிமுகமானது. நுகேகொடை, கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் கந்தோர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள். சில நாட்களில் ஓரிரு வெள்ளைக்காரர்கள். கூட்டத்தை நடத்தும் பெண் பிள்ளை சிங்களம். "அங்கிள், நீங்கள் முன்னால் போய்க் கதை சொல்லுங்கள்" என்று கேட்டாள். கதை சொல்லக் கேட்டால் நான் மறுக்கிற ஆளா? என் வழியே அவர்கள் வழியானது. கடைசித் தரிப்பு அக்காவின் ஒழுங்கை. நீலக் கதவும் ஓட்டுக்கூரையும் உள்ள அந்த வரிசை வீடுகளைப் படம் எடுக்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

அந்த வரிசையை அரசாங்கம் இடிக்கப்போகிறது என்று போன வருடம் தெரிந்தது. சுவரில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். அக்காவின் வீடு பதினொன்று. நெடுநாளாகக் குடியிருப்பதை நிரூபிக்கிறவர்களுக்கு மட்டக்குளிப் பக்கம் மாடி வீடு. நிரூபிக்காதவர்களுக்கு ஒன்றுமில்லை.

அத்தான் இருந்த காலத்தில், முன்பு குடியிருந்தவரிடமிருந்து கையோடு கை மாற்றி வாங்கிய வீடு அது. லைட் பில் இன்றைக்கும் அந்தப் பழைய மனிதரின் பெயரில்தான் வருகிறது. அத்தான் போய்ப் பன்னிரண்டு வருடம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பெயரும் அந்த விலாசமும் ஒன்றாக உள்ள பழைய கடதாசி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சண்டைக் காலத்துப் பொலிஸ் பதிவு.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், ஊர், ஏன் வந்தாய், எத்தனை நாள். நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவன். சிங்களத்தை பஸ் பலகையிலும் கடைப் பெயரிலும் பார்த்துப் பார்த்து நானே படித்தேன். வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்கெல்லாம் அந்தப் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். எல்லோருக்கும் ஒரே பதில் எழுதுவேன்: தற்காலிகம், வெளிநாடு போகக் காத்திருக்கிறார். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி வராது. நிரந்தரம் என்று எழுதினால் யாரோடு, எதற்கு, யார் பிணை என்று நோண்டுவார்கள். கை பழகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் வீடே எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் துளசி வைத்து இருந்த என் அக்காவுக்கும் அதையே எழுதினேன். அத்தானின் அண்ணர் வீட்டில் விருந்தாளி என்று கூடச் சேர்த்தேன். அத்தானுக்கு அண்ணரே கிடையாது.

முத்திரை குத்தி வந்த அந்தத் துண்டை நானே லமினேட் பண்ணிக் கொடுத்தேன். அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். இரவில் கதவு தட்டப்பட்டபோதெல்லாம் அதுதான் அவளைக் காப்பாற்றியது.

அளக்க வந்த கந்தோர்காரர் பழைய கடதாசி ஏதும் உண்டா என்று கேட்டபோது, "அக்கா, பொலிஸ் சீல் இருக்கிறதைக் குடு. அதை விடப் பழசு இந்த ஒழுங்கையிலேயே இல்லை" என்று சொன்னவன் நான். எடுத்து நீட்டியவனும் நான். திருப்பி ஒரு தரம் வாசித்துப் பார்க்கவில்லை. நான் எழுதினதை நானே ஏன் வாசிக்க வேண்டும்?

அவர் இளம் மனிதர், மரியாதையானவர். மெதுவாக வாசித்தார். "மேக்கே தாவகாலிகயி கியலனே தியென்னே, அங்கிள்" என்றார். இதில் தற்காலிகம் என்றல்லவா இருக்கிறது என்று. அவருடைய முகத்தில் சந்தோசம் இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டார். இனி அதைத் திருப்பி வாங்க முடியாது.

அக்காவுக்குச் சிங்களம் கடைக்குப் போகிற அளவுக்குத்தான். "என்னவாம் தம்பி?" என்று கேட்டாள்.

"பாத்துச் சொல்லுறனெண்டு சொல்லுறார்" என்றேன்.

அன்று திரும்பி வரும்போது காலிமுகத்திடலில் சைக்கிளை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் பேருக்கு நிரப்பியிருப்பேன். அவர்கள் கனடாவிலும் லண்டனிலும் நிரந்தரமாக இருக்கிறார்கள்.

அதன் பிறகு முறையீடு எழுதினேன். மூன்று கந்தோர் ஏறினேன். பக்கத்து வீட்டார் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். "வாயால சொல்லுறது எல்லாருக்கும் வரும், எழுத்தில இருக்கிறதுதானே கணக்கு" என்றார் கடைசிக் கந்தோரில் ஒருவர், தமிழிலேயே, இரக்கத்தோடேயே. மாடி வீடு கிடைப்பவர்களின் பட்டியல் ஒட்டியபோது பத்து இருந்தது, பன்னிரண்டு இருந்தது. பதினொன்று இல்லை. காரணம் போட்டிருந்த கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் அக்காவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த தரம் போனபோது அக்கா தேத்தண்ணி மட்டும் வழமை போலத் தந்தாள்.

போன ஞாயிறு கூட்டத்தோடு போனேன். வர மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்கையில் பாதி வீடுகள் காலி. கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா பதினொன்றின் வாசலில் நின்றாள். பிள்ளைகள் சிவப்பு எண்ணையும் நீலக் கதவையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் பிள்ளை, "ஆன்டி இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேளுங்கள் அங்கிள்" என்றாள்.

கேட்டேன்.

அக்கா என்னை நேரே பார்த்தாள். "விருந்தாளியா வந்தனான் எண்டு சொல்லு. தற்காலிகமா."

அளக்க வந்தவர் சொன்னதை அக்காவுக்கு மாற்றிச் சொன்னவன், இந்தத் தரம் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். "ஆன்டியும் அங்கிளைப் போலத்தான், என்ன அழகாகக் கதைக்கிறார்" என்றாள் அந்தப் பிள்ளை. ஒருவன் அதைப் போனில் எழுதிக்கொண்டான்.

அவர்கள் சைக்கிளைத் திருப்பினார்கள். நான் பின்தங்கி நின்று, "இனி என்ன செய்வம் அக்கா?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? உன்ர அறைக்குத்தான் வரவேணும்" என்றாள். துளசிச் சட்டியை வாசலில் இருந்து தூக்கி என் சைக்கிளின் பின் கரியரில் வைத்து, பழைய சீலைத் துண்டால் கட்டினாள். "வெள்ளவத்தையில என்னை என்னெண்டு எழுதுவாய்?"

முன்னாலிருந்து அந்தப் பிள்ளை மணி அடித்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இறங்குவது ஏறுவதை விடச் சுகம், உழக்கவே தேவையில்லை. சட்டி விழுந்துவிடும் என்ற பயத்தில் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.