இருபத்துநாலில் ஒன்று

பின்னத்தைச் சுருக்க நானே எழுதிய முதல் புரோகிராம் இது. சோதிக்க 4/24 கொடுத்தேன். 1/6 என்று வந்தது. தலைக்கு மேல் கொடியில் காயாத துணியின் வாடை. ஆறில் ஒன்று என்றதும் அப்பாவின் குரல் கேட்டது.

தென்காசியில் பாகம் பிரிக்காத வீடு. அண்ணன் தம்பி ஆறு பேரில் அப்பாவுக்கு இந்த ஓர் அறை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஈரத்துணிக்கு அடியில்தான் சாப்பாடு, படிப்பு, தூக்கம்.

“செங்கோட்டைப் பக்கம் வாடகைக்குப் போயிருவமா?” என்பாள் அம்மா.

“காலி பண்ணுனா மறுநாளே அண்ணன் நெல்லு மூட்டைய அடுக்கிருவான். ஆறுல ஒரு பங்கு போயிரும், சொல்லுதேன்.”

அப்பா இந்த அறையிலேயே கண்ணை மூடினார். அவர் பங்குக்குப் பிள்ளைகள் நாலு பேர். காவலுக்கு நான் இருக்கிறேன், அதே கொடியின் கீழ், மடியில் லேப்டாப்போடு.

1/24 கொடுத்தேன்.

‘இதற்கு மேல் சுருக்க முடியாது’ என்று வந்தது, நானே எழுதிவைத்த வரி.