கொதிக்க வைத்தால் போதும் என்று நினைத்தேன்

கிள்ளானில் நாங்கள் இருக்கும் வட்டாரத்தில் நான்கு நாட்களுக்குக் குழாய்த் தண்ணீர் வராது என்று அறிவித்தார்கள். மூன்று மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பந்திங்கில் இருக்கும் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம்; அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டத்தை ஒட்டிய வீடு. சொந்தக் கிணறு உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கும். அதைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் மகளுக்குப் பால்மாவு கலக்கினேன்.

மூன்றாம் நாள் காலை குளிப்பாட்டத் தூக்கியபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நகங்களும் அப்படியே. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாள்.

"அண்ணி, பிள்ளையப் பாருங்க!" என்று அலறினேன்.

அண்ணி காரை எடுத்தார். மருத்துவமனை போகும் வழியெல்லாம் மகளின் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆக்சிஜன் வைத்தபடியே டாக்டர் கேட்டார், "பாலுக்கு எந்தத் தண்ணிமா?"

"கிணத்துத் தண்ணி டாக்டர். நல்லா கொதிக்க வச்சேன்."

"கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். உரத்துலேருந்து எறங்குற நைட்ரேட் போகாது லா. கைக்குழந்தை ரத்தம் அதைத் தாங்காது."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மருந்து ஏற்றினார்கள். பிற்பகலில் உதடு சிவந்து, பசியில் அவள் வீறிட்டபோது அண்ணியும் நானும் சேர்ந்து அழுதோம்.

இப்போதெல்லாம் தண்ணீர்த் தடை என்றாலே, முதலில் மகளின் பாலுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தனியாக மூடி வைக்கிறேன். எங்கே போனாலும் அது எங்களோடு வரும். அண்ணி கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தார். இப்போது அதில் துணி மட்டுமே துவைக்கிறார்.