பூஜ்யத் தெரு

மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓய்வு பெற்றால் செடி வளர்ப்பார்கள், மத்தியானம் தூங்குவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. நம்ம ஆளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த கையோடு உலகத்துக்கே ஒரு கொள்ளைநோய் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, தனக்கு மறுபடி ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று நினைத்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

தெருவில் அவருக்குப் பெயர் ‘ரீடிங்’. மின்சார அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க ஊரார் வீட்டு வாசலில் நின்று மீட்டரை எட்டிப் பார்த்து எண்ணை எழுதியவர். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்’ என்று குறித்து, போன தடவை என்ன ரீடிங்கோ அதையே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். மின்சாரத்துக்கு அது பரவாயில்லை. என்றைக்காவது கதவு திறக்கும், மீட்டர் உள்ளதைச் சொல்லிவிடும். இந்த மனிதருக்கோ அது வழக்கமாக இல்லை, வேதமாக இருந்தது.

அவர் மனைவிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற புதிதில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அடுப்பை ஏன் இவ்வளவு நேரம் எரிய விடுகிறாய் என்று உயிரை எடுத்தவர், இப்போது காலையில் எழுந்ததும் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பீடை விட்டது என்று அவள் தன் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த நிம்மதியும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

கடல் தாண்டி எங்கேயோ ஒரு நாட்டில் வைரஸ் உருமாறிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், ரீடிங்குக்கு முகம் மலர்ந்துவிடும். “புதுசு ஒண்ணு வந்திருக்கு” என்பார், கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்த மாதிரி. அதன் மேலே இருக்கிற முள்ளில் எத்தனை மாற்றம், பழைய வகைக்கு அது என்ன முறை, எந்த விமான நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் போனது என்று டீ ஆறும்வரை விளக்குவார்.

“சம்பந்தம் பேசவா போறோம்? எதுக்கு இவ்வளவு பூர்வீகம் விசாரிக்கறீங்க?” என்று அவள் கேட்பாள்.

“உனக்குப் புரியாது. இது டேட்டா” என்பார்.

வைரஸின் முள்ளில் எத்தனை மாற்றம் என்று தெரிந்தவருக்குத் தெருக்கோடியில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டில் எத்தனை அறை என்று தெரியாது. அங்கே அவர் போனதெல்லாம் வாசல் மீட்டர்வரைதான். போனது போதாதா? அந்த ஒரு மீட்டரால்தான் அக்காளும் தங்கையும் பேசாமல் கிடந்தார்கள்.

அவளுடைய அக்கா தனி ஆள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு முன்னறையில் இரண்டு மோட்டார் மெஷின் போட்டுத் தையல் கடை மாதிரி நடத்தினாள். அக்கா துணி வெட்டுவாள், தங்கை தைப்பாள். அளவில் சந்தேகம் வந்தால் இருவரும் வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். வேலைக்கு வேலை, பேச்சுக்குப் பேச்சு. அந்த மெஷின்களைத்தான் ரீடிங் தன் உத்தியோகத்தின் கடைசி வருஷத்தில் ‘வீட்டு இணைப்பில் தொழில் நடக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தார். ஆட்கள் வந்து கம்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். அபராதம் கட்டி மறுபடி இணைப்பு வாங்குவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “சொந்தம்னு பாத்தா நேர்மை எங்கே நிக்கும்?” என்று இவர் வீட்டில் நெஞ்சை நிமிர்த்தினார். நேர்மையாம். மேலதிகாரி வீட்டு மீட்டர் ஒரு வருஷம் சுற்றாமல் நின்றபோது அந்த நேர்மை எங்கே படுத்திருந்ததோ.

“உள்ளே மோட்டார் ஓடுதுன்னு நீ சொல்லாமயா உன் புருஷனுக்குத் தெரிஞ்சுது?” என்று அக்கா கேட்டாள். தங்கை தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தவள்தான். ரோஷத்தில் இருவரும் ஒரே அச்சு. ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால்கூட ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள், மற்றவள் செருப்பைப் பார்ப்பாள்.

நோய் தங்கள் ஊருக்கும் வந்ததும் உலகக் கணக்கு ரீடிங்குக்குப் போதவில்லை. தெருக் கணக்கு எடுக்கக் கிளம்பிவிட்டார். யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள். பழைய தோள்பை, பழைய டார்ச், முகத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு. வாசல் வாசலாக நின்று, “காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா? வாசனை தெரியுதா?” பகல் வெளிச்சத்தில் டார்ச் எதற்கு என்று ஒரு வீட்டில் கேட்டதற்கு, “பழக்கம்” என்றாராம். வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். ஒன்றும் இல்லாத வீடு பச்சை, நோய் வந்த வீடு சிவப்பு.

இதையெல்லாம் அவள் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டுதான் பார்த்தாள். ஆனாலும் தினமும் அந்தக் கட்டம் போனில் வந்து விழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள். நேராகக் கடைசி வரிக்குத் தள்ளுவாள். கடைசி வீடு, பச்சை, பூஜ்யம். அதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும். அக்காவோடு அவளுக்கு இருந்த ஒரே பேச்சுவார்த்தை அந்தப் பூஜ்யம்தான். அக்காவுக்கு மார்ச்சளி உடம்பு, சின்ன வயசிலிருந்தே. இந்த நோய் அவளைத் தொட்டால் தாங்கமாட்டாள் என்று தங்கைக்குத் தெரியும். போன் பண்ணிக் கேட்கலாம். கை போகவில்லை. கணக்குதான் வருகிறதே என்று இருந்துவிட்டாள்.

முதல் சிவப்பு கார் டிரைவர் வீட்டுக்கு விழுந்தது. பாவி மனுஷன் கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டான், ராத்திரியிலிருந்து லேசாகக் காய்ச்சல் என்று. அன்றைக்கே குரூப்பில் கொட்டை எழுத்தில் ‘தெருவின் முதல் மூலம்’. தண்ணீர் கேன் போடுகிறவன் அந்த வாசலை மிதிக்க மறுத்தான். குப்பை எடுக்க வரவில்லை. டிரைவருக்குக் காய்ச்சல் இறங்கியும் சவாரி வரவில்லை. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்பதைப் பார்த்து மறுபடி சாத்தினாள். டிரைவரின் பெண்டாட்டி நடுத்தெருவில் நின்று ரீடிங்கின் பரம்பரையையே இழுத்து வைது தீர்த்தாள். ரீடிங் அதையும் விடாமல், ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு குறைவு’ என்று குரூப்பில் எழுதினார்.

அதற்கப்புறம் எவன் கதவைத் திறப்பான்? தோள்பை தெருவில் இறங்குவதைப் பார்த்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழும். டிவி சத்தம் நின்றுபோகும். குழந்தையின் வாயைப் பொத்துவார்கள். ரீடிங் தட்டுவார், தொண்டையைச் செருமுவார், டார்ச்சை ஜன்னலில் அடிப்பார். பதில் வராது. சரி, டோர் லாக். போன ரீடிங் என்ன? பூஜ்யம். போடு பூஜ்யம்.

டிரைவர் வீட்டுச் சிவப்பும் கெடு முடிந்து உதிர்ந்ததும் தெரு முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஊரில் ஆம்புலன்ஸ் ஓயாமல் அலறுகிறது, இந்தத் தெருவில் மட்டும் நோய் இல்லையாம். ‘நம் தெரு பூஜ்யத் தெரு’ என்று ரீடிங் பேனர் கட்டினார். கவுன்சிலர் வந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, இவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வீட்டுப் பெரியவர் ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள் வீட்டார், யார் முகத்தையும் பார்க்காமல். ரீடிங் அன்றைக்கும் அந்த வீட்டுக்குப் பூஜ்யம்தான் போட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு என்பார்கள். இது தெரு மொத்தத்துக்கும் கண்ணைப் பொத்திவிட்ட பூனை.

அவள் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க முனை மருந்துக்கடைக்குப் போனாள்.

“இல்லைங்க, தீர்ந்துபோச்சு. காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து எதுவும் நிக்க மாட்டேங்குது. உங்க தெருவுக்கே பாதி போயிடுது” என்றார் கடைக்காரர்.

“எங்க தெருவிலே யாருக்கும் ஒண்ணும் இல்லையே. தினமும் கணக்கு வருதே.”

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் கணக்குதானேம்மா?” என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் மருந்துச் சீட்டை வாங்கப் போய்விட்டார். அவள் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள். வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ரீடிங் ஏதோ ஒரு நாட்டில் புதிதாக முளைத்த வகையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அக்கா வீட்டிலே இன்னைக்கு என்ன?”

“பூஜ்யம். போட்டிருக்கேனே, பாக்கலியா?”

“அக்காவைப் பாத்தீங்களா?”

“கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“அக்காவைப் பாத்தீங்களான்னு கேட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டோர் லாக். அதான் போன ரீடிங்கைப் போட்டேன். அதுதானே நடைமுறை?”

“எப்போலேருந்து டோர் லாக்?”

“இந்தா பாரு, அவ எனக்கு என்னைக்குக் கதவு திறந்தா? ஆரம்பத்திலேருந்தே அப்படித்தான். முதல் தடவை சும்மா பூஜ்யம்னு வச்சேன். எங்கேயாவது ஆரம்பிக்கணும் இல்லையா?”

இத்தனை காலமும் அவள் பார்த்துப் பார்த்து மூச்சு விட்ட பூஜ்யம் அக்காவுடையது இல்லை. இந்த மனுஷன் வாசலில் நின்று தலையைச் சொறிந்து போட்ட பூஜ்யம். கெட்ட வார்த்தை ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லி நேரத்தை வீணாக்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

அக்கா வீட்டு வாசலில் குப்பைப் பை இரண்டு கிடந்தன. ஜன்னல் சாத்தியிருந்தது. தட்டினாள். உள்ளே இருமல் சத்தம் வந்து, சட்டென்று எதையோ வைத்து அமுக்கியது போல நின்றது.

“அக்கா, நான்தான்.”

உள்ளே ஏதோ உரசி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவுக்குப் பக்கத்தில், கீழேயிருந்து குரல் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்தாள் போல.

“அவர் கூட இருக்காரா?”

“இல்லைக்கா. நான் மட்டும்தான். திற.”

தாழ்ப்பாளை எட்டவே அக்காவுக்கு நேரமானது. கதவு திறந்ததும் தங்கை அக்காவைத் தாங்கிப் பிடித்தாள். உதடெல்லாம் நீலம். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சைத் தேடினாள். மெஷின் மேல் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன.

“எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?”

“உனக்குச் சொன்னா... காலையிலே குரூப்ல வந்துடுமேடி” என்றாள் அக்கா. “செத்தாலும் பரவாயில்லை. சிவப்பு மட்டும் வேண்டாம்னு இருந்தேன்.”

தங்கை ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினாள்; எல்லாம் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். அவள் யோசிக்கவில்லை. கார் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் பெண்டாட்டி ஜன்னல் வழியாக இவளைப் பார்த்தாள், முகம் இறுகியது. டிரைவர் உள்ளேயிருந்து, “வண்டிச் சாவி எங்கே?” என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டான்.

அக்காவைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றும்போது தெருவில் எல்லா ஜன்னலும் விரல் அளவு திறந்தன. ரீடிங்கும் வந்து சேர்ந்தார், முகத்துக்கு முன்னால் தகட்டோடு, இரண்டு ஆள் தூரம் தள்ளி. மனைவி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப்போன நேரத்தில் அவர் வாயைத் திறந்தார்.

“ஆஸ்பத்திரியிலே எந்த வகைன்னு மட்டும் கேட்டு வை. புதுசா இருந்தா நம்ம தெருதான் முதல்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நல்லவேளை, கிளப்பினான்.

அக்கா பிழைத்தாள். பாதி உயிர் போய், ஆக்சிஜன் குழாயோடு கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையிலிருந்து அடுக்களைக்கு நடந்தாலே உட்கார வேண்டியிருக்கிறது. வெட்டுகிற வேலையையும் தங்கைதான் செய்கிறாள், தன் கத்தரிக்கோலோடு அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். மருந்துக்காக என்று முதலில் சொன்னாள். அப்புறம் எதற்காக என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெட்கம் போனால் வெளிச்சம் வருமோ என்னவோ, தெருவில் ஒவ்வொரு வீடாக வாய் திறந்தது. இந்த வீட்டில் மூன்று பேருக்கு வந்ததாம், அந்த வீட்டில் கிழவிக்கு வந்ததாம். மூன்றாவது வீட்டுப் பெரியவருக்கும் அதுதானாம். பேனரை யாரோ கிழித்துக் கார் துடைக்க எடுத்துக்கொண்டார்கள், டிரைவராகத்தான் இருக்கும். ரீடிங் அசரவில்லை. “தப்பு என்னோடது இல்லை. ஜனங்க கதவைத் திறந்திருக்கணும்” என்று கேட்ட ஆளிடமெல்லாம் சொன்னார். ஆனால் வீட்டில் அடுப்பு எரியவில்லை. டீ போடக்கூட அவருக்குத் தெரியாது. சட்டை கசங்கியது. லேப்டாப்பில் வளைகோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிக் காட்ட ஓர் ஆள் இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் தெருக்கோடிக்கு வந்து அந்தக் கதவைத் தட்டினார். தோள்பை இல்லை, டார்ச் இல்லை. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

“நான்தான்” என்றார்.

கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்.

“எப்படி இருக்கே? சாப்பிட்டியா? எப்போ வீட்டுக்கு வர்றே? அதை மட்டும் சொல்லு, போயிடறேன்.”

அக்கா தங்கையைப் பார்த்தாள். போய்த் திறக்கிறதானால் திற என்கிற மாதிரிதான் பார்த்தாள். தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“டோர் லாக்குங்க. போன ரீடிங்கையே போட்டுக்குங்க.”