அமானத் துணி

போர் முடிந்த பிறகு குழுக் கடன் எடுத்து ஒரு தையல் மெஷின் வாங்கினேன். கற்பிட்டி வீதியில், தகரக் கூரை போட்ட எங்கள் விறாந்தையில் அதை வைத்தேன். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவின் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஆகவே என் மெஷின் ஓடுகிறதா என்று என்னைவிட அவர்கள்தான் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மெஷின் ஓடியது. துணிதான் வீட்டில் நிற்கவில்லை. நான் நூல் வாங்கக் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, தைக்கத் தந்தவர்களிடமே உம்மா துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"எடுத்துட்டுப் போங்க மகள். நாளைக்கு நாங்க இங்க இருப்பமோ தெரியா."

உம்மாவும் ஒரு காலத்தில் தைத்தவர்தான். போரின்போது மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றிய அன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கல்யாணச் சட்டைத் துணி வெட்டியபடியே அவர் மெஷினில் கிடந்தது. அந்தக் குடும்பம் எங்கே போனதென்று பிறகு தெரியவில்லை. வீடும் நகையும் போனதைப் பற்றி உம்மா கதைத்ததே இல்லை. அந்தத் துணி மட்டும் அவரை விடவில்லை. நம்பித் தந்த பொருள் அமானத். மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

பெருநாள் நெருங்கியும் தைக்கத் துணி கொண்டு ஒருவரும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வயதானவர் என்றும் பாராமல் உம்மாவிடம் கத்தினேன். மெஷின் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

கடைசியில் குழுவின் வாயாடி ஒருத்தி, தானே அந்த மணப்பெண்ணாக நடிப்பதாகச் சொன்னாள். உம்மாவுக்குக் கண் மங்கல்தானே! வந்து உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மாமி, அந்தத் துணிய நான் ஹலாலாக்கிட்டன். மனசார விட்டுட்டன். இனி யோசிக்காதீங்க."

உம்மா கையை விடவில்லை.

"அப்ப சொல்லு புள்ள, அது என்ன நிறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது, அப்போது நான் சின்னப் பிள்ளை. பொய் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"நீயாவது சொல்லுவாய் எண்டு பாத்தன்," என்று உம்மா அழுதார். "எனக்கு மறந்து போச்சு."

அதன்பிறகு அவர் யாருக்கும் துணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தொழில் நன்றாகவே நடக்கிறது. புதுத் துணி வந்தால் மட்டும் கையால் தடவிப் பார்த்து, "இதுவா புள்ள?" என்று கேட்கிறார்.

இல்லை உம்மா என்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?