சுவான்சோவுக்கு ஒரு பிடி பால்மா

சான்ட்ரிங்ஹாமில் எங்கள் தெரு முனையில் ஒரு டெய்ரி இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், நியூசிலாந்தில் டெய்ரி என்றால் மாட்டுத் தொழுவம் இல்லை. பாண் ரொட்டி, பால், பேப்பர், பிள்ளைகளுக்கு டொபி விற்கிற மூலைக்கடை. அந்தக் கடைக்குள் நுழையும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே சப்பாத்தைக் கழற்றிவிடும். காரணம், கல்லாவுக்குக் கீழே தரையில், ஒரு சிவப்புப் பெட்டிக்குள், தாடியும் சிரிப்புமாக ஒரு சீனச் சாமி இருக்கிறார். அவருக்கு ஒரு பக்கம் ஊதுபத்தி, மறுபக்கம் நாய்ச் சாப்பாட்டு மூட்டை. சாமியை அண்ணாந்து பார்த்தே பழகியவன் நான். குனிந்து பார்ப்பது முதலில் பெரிய சங்கடமாக இருந்தது. ஒரு நாள் எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் என் வெறும் சொக்ஸைப் பார்த்து, கால் நோகிறதா என்று அன்பாக விசாரித்தார். நான் கீழே காட்டி, கடவுள் என்ற அர்த்தத்தில் "கோட்" என்றேன். அவர் நாய்ச் சாப்பாட்டு மூட்டையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரி லிங் அக்கா மலேசியச் சீனர். பினாங்கில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். முதல் நாள் அவர் "என்னா தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபோது, பின்னால் வேறு யாராவது தமிழர் நிற்கிறாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் சொந்த மகள் அபிராமியிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது; சீனத்து அக்கா என்னிடம் தமிழில் சாப்பாடு விசாரிக்கிறார். சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் பால்குடம்கூடத் தூக்கியிருக்கிறாராம். "வெயிலு, தம்பி! காலு சுட்டுச்சு. ஆனா ஒரு சொட்டு சிந்தல லா!" என்று, மலேசியா 'லா'வும் சேர்த்து, இப்போதும் பெருமையாகச் சொல்வார்.

பால் என்று வந்ததால் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். யுத்தத்தில் யாழ்ப்பாணத்து ஊரை விட்டுப் படகில் கடல்நீரேரியைக் கடந்தபோது அபிராமி கைக்குழந்தை. காய்ச்சலில் அனலாகக் கொதித்தாள். அழக்கூடத் தெம்பில்லை. நான் எங்கள் ஊர்ச் சிவனை நினைத்து, "பிள்ளை பிழைச்சால் என்ரை கையாலை உனக்குப் பால் ஊத்துவன்" என்று நேர்ந்தேன். பிழைத்தாள். வளர்ந்து இப்போது பள்ளிக்கூடத்தில் நெட்போல் விளையாடுகிறாள். ஆனால் கோயில் இராணுவ வளையத்துக்குள் போய்விட்டது. காகம் போய் இருக்கலாம், நாங்கள் போக முடியாது. சிவனுக்கு விளக்கு வைக்கிறார்களா என்று எழுதிக் கேட்கலாமென்றால், பதில் எழுத அங்கே ஆள் இல்லை. இங்கே வாடகை மண்டபத்தில் படம் வைத்துத்தான் பூசை செய்கிறோம். படத்துக்குப் பால் ஊற்றினால் படம் ஊறிப்போகும்.

"இஞ்சேருங்கோ, சிவன் எங்கையும் இருக்கிறார்தானே? ஒரு சின்ன லிங்கம் வாங்கி வீட்டிலை வச்சு ஊத்துங்கோவன்" என்பாள் என் மனைவி ரஞ்சி.

"நான் நேர்ந்தது பழைய கோயில் சிவனுக்கு. கடையிலை வாங்கினவருக்கு ஊத்தினா, 'நீ ஆரப்பா?' எண்டு கேக்கமாட்டாரோ?"

"ஓம், கேப்பார். பேந்து ரசீதும் கேப்பார்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் வெட்டப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் பூசை மண்டபத்தில் ஒரு பழைய கோயில் விழா மலர்ப் புத்தகம் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. சீனாவில் சுவான்சோ என்று ஒரு பழைய துறைமுகப் பட்டினம். பல நூறு வருஷங்களுக்கு முன் வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். கோயில் இடிந்துவிட்டது, கற்கள் அங்கே ஒரு மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு கல்லில் லிங்கம். அதற்குத் தும்பிக்கையால் பூச்சாத்துகிற யானை. நான் அதிகம் படித்தவன் இல்லை, பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சரித்திரம் எனக்கு ஓடாது. ஆனால் அந்தப் படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தச் சிவனையும் நம்மைப்போல யாரோ கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருக்கிறார்கள். இப்போது அவருக்குப் பால் ஊற்ற ஆள் இல்லை; எனக்கோ பால் ஊற்றக் கோயில் இல்லை. இரண்டு பேரும் சந்தித்தால் என்ன?

ஹாங்காங்கைச் சீனாவிடம் திருப்பிக் கொடுத்த வருஷம் அது. என் நியூசிலாந்துக் கடவுச்சீட்டில் அதுவரை ஒரு முத்திரையும் விழவில்லை. ஒரு வார லீவு எழுதி வாங்கினேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் டிக்கெட் போடும் இடத்துக்குப் போய் விலை விசாரித்தேன். அங்கிருந்த பெண், ஹாலிடேயா பிசினஸா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, பால் விஷயம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். "ஓ, டெய்ரி எக்ஸ்போர்ட்!" என்று முகம் மலர்ந்து எழுதிக்கொண்டாள். இந்த நாட்டில் பால் என்றால் எல்லாருக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நானும் திருத்தவில்லை. வீட்டில் அபிராமிதான் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, இட்ஸ் எ மியூசியம்! யூ காண்ட் போர் மில்க் ஆன் ஹிஸ்டரி!"

லிங் அக்காவிடம் சொன்னபோது அவர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை அப்படியே விட்டுவிட்டார்.

"சுவான்சோவா? அது எங்க தாத்தா ஊரு லா!"

"நீங்கள் போயிருக்கிறீங்களோ அக்கா?"

"எங்க போறது? ஏழு நாளும் கடை. புருசன் போயாச்சு, மகன் சிட்னில. நான் போனா யாரு பாக்கிறது?"

போகாத ஊருக்கு அவர் எனக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். ஹாங்காங்கில் இறங்கு, சியாமெனுக்கு மாறு, அங்கிருந்து பஸ். சுவான்சோவில் அவருடைய அத்தை இருக்கிறார், தாத்தா குடும்பத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான், சமைத்துப் போடுவார். நான் சைவம் என்று நினைவூட்டினேன். "கவலப்படாதீங்க தம்பி, சுத்த சைவம். கொஞ்சம் கருவாடு மட்டும், வாசனைக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, அங்கே பெரிய புத்தர் கோயில் இருக்கிறது, அதன் பக்கத்தில் கருவாடு இல்லாத சாப்பாடு கிடைக்கும் என்று திட்டத்தை மாற்றினார். வேலை முடிந்து வரும் வழியில் தினமும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று நாங்கள் இருவரும் சீனாவைத் திட்டம் போட்டோம். பாண் வாங்க வருகிறவர்கள் இரண்டு தரம் இருமினால்தான் அக்கா திரும்பிப் பார்ப்பார்.

ஒரு மாலை அக்கா வழி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு போட்டோவை நீட்டினார். கடை வாசலில் அவரே நிற்கிற படம்.

"அத்தைக்கு ஒடம்பு ரொம்ப முடியல. 'நீ வரமாட்டியா'ன்னு ஃபோன்ல கேக்குது. நீங்கதான் போறீங்களே, இதக் காட்டுங்க தம்பி. பாத்தா போதும்."

படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரோ ஒரு யாழ்ப்பாணத்தான் போய், சாகக் கிடக்கிற மனுசிக்கு முன்னால் உட்கார்ந்து, இதுதான் உங்கள் மருமகள் என்று கடதாசியைக் காட்டுவதா? என் லிங்கமோ இத்தனை நூறு வருஷம் இருந்த கல், இன்னும் இருக்கும். அத்தை இருக்கமாட்டார். ஆனால் லீவு அந்த ஒரு வாரம்தான். அடுத்த தரம் எப்போது கிடைக்குமோ தெரியாது. என் கையால் ஊற்றுவேன் என்றல்லவா சொன்னேன்! சாமி அறைக்குப் போய் நின்றேன். படத்தில் இருந்த சிவனுக்கு என்ன, வழக்கம்போல என்னிடமே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் கடைக்குப் போய், "அக்கா, நீங்கள் போங்கோ. என்ரை லீவு வாரம் கடையை நான் பாக்கிறன்" என்றேன்.

"பைத்தியமா? ஒங்க சாமி?"

"அவருக்கும் நீங்களே ஊத்துங்கோ."

"நான் சீனத்தி லா!"

"சீனாவிலை அது குறையோ? பால்குடத்திலை ஒரு சொட்டும் சிந்தாத ஆள் நீங்கள்."

அக்கா சிரிக்கத் தொடங்கி, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு டொபியை எடுத்துத் தந்தார். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"என் கையால்" என்ற முடிச்சை அவிழ்த்தவள் ரஞ்சி. "இதுக்கு ஏன் இவ்வளவு யோசினை? பால்மாவை உங்கடை கையாலை அள்ளிக் குடுங்கோ. அக்கா தண்ணி மட்டும்தானே விடப்போறா" என்றாள். குளித்து, விபூதி பூசி, டெய்ரியில் வாங்கிய பைக்கற்றை உடைத்து ஒரு பிடி அள்ளினேன். அபிராமி பையைப் பிடித்துக்கொண்டாள். "இஸ் திஸ் ஃபோர் மீ?" என்று மெதுவாகக் கேட்டாள். ஓம் என்றேன். அவளும் தன் சின்னக் கையால் கொஞ்சம் அள்ளிப் போட்டாள்.

பிறகு பயிற்சி. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டுமே. "அபிராமி, உத்தரட்டாதி" என்று அக்கா சாமான் அடுக்கும்போதெல்லாம் பாடமாக்கினார். எனக்கும் பாடம் இருந்தது. சிவப்புப் பெட்டிச் சாமிக்குக் காலையில் மூன்று ஊதுபத்தி, மூன்று சின்னக் கோப்பையில் தேநீர், ஒரு தோடம்பழம். "பால் விடாதீங்க தம்பி, அவரு சாயாவ வெறுமனேதான் குடிப்பாரு." அங்கே வெறும் பால், இங்கே வெறும் தேநீர், நடுவில் நான் ஆயுள் முழுக்கப் பால் தேத்தண்ணி குடிக்கிறவன்.

இவரை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். அவர் வியப்பாகப் பார்த்தார். "கொண்டாரதா? இவரு இந்த நெலத்துச் சாமி. பெட்டிதான் நான் வாங்கினது. எங்க போய்க் கட வச்சாலும் அந்த மண்ணுல ஏற்கெனவே ஒருத்தர் இருப்பாரு. நாம எடம் கேட்டுக்கணும்." எத்தனையோ நாள் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன். இவர் சான்ட்ரிங்ஹாம் சாமி என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அக்கா போன நாலாம் நாள், கடையில் நான் மட்டும் நிற்கும்போது ஃபோன் அடித்தது.

"தம்பி! அத்த என்னப் பாத்து, 'குண்டாயிட்ட'ன்னு சொல்லிச்சு!" பிறகு, "ஒங்க கல்லப் பாத்தேன். யானை இருக்கு. காவக்காரக் கெழவன் பக்கத்துலயே நிக்கிறான். எங்க பாஷைல சொன்னேன், ஒரு கொழந்தைக்காகன்னு. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். ஒரு சொட்டு, தம்பி. வெரலால. அபிராமி, உத்தரட்டாதி. சரியாச் சொன்னேன்."

ஃபோனை வைத்தேன். கும்பிட வேண்டும்போல இருந்தது. சுவான்சோ எந்தப் பக்கம்? ஊர் எந்தப் பக்கம்? பால் வைக்கிற குளிர்பெட்டியைப் பார்த்து ஒரு தரம், பேப்பர் அடுக்கைப் பார்த்து ஒரு தரம் கை கூப்பினேன். இரண்டும் பொருந்தவில்லை. கடைசியில் வெறும் சொக்ஸோடு தரையில் முழங்காலிட்டு, தேநீர் ஆறிக்கொண்டிருந்த சிவப்புப் பெட்டிக்கு முன்னால் குனிந்தேன்.

கதவு மணி கேட்டது. கல்லாவுக்குக் கீழே தரையில் கிடக்கிற என்னை எட்டிப் பார்த்தது, அன்றைக்கு என் காலை விசாரித்த அதே வெள்ளைக்காரர்தான். கையில் ஒரு பாண்.

"கடை திறந்திருக்கா?" என்று அவர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு எழும்பினேன்.