ஆஞ்சலாவின் மூக்கும் நோயலின் காரும்

காக்ஸ் டவுனில் கல்யாண கேக் என்றால் ஆஞ்சலாதான். அவள் ஐசிங்கில் வைக்கும் ரோஜாவை நிஜமென்று நம்பிப் பறிக்கப்போன குழந்தைகள் உண்டு. கை அப்படி. மூக்கு அதைவிடக் கூர்மை. கணவன் நோயல் எங்கே போய்விட்டு வந்தாலும் வாசற்படிக்குக் கீழே நின்று "ஹா" என்று ஊதிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றலாம்.

மாதா கோயிலில் மண்டியிட்டுக் குடியை விட்டவன் அவன். நாலு வருஷம் ஆகிறது. மாதா நம்பிவிட்டாள், ஆஞ்சலா நம்பவில்லை. இன்னொரு தடவை குடித்தால் ஓசூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றே சொல்லிவிட்டாள். அதற்காகத் துணி அடுக்கிய பெட்டி இன்றும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இந்த லட்சணத்தில்தான் கேக்குகள் சாய ஆரம்பித்தன. நோயல் காரில் கொண்டுபோய் இறக்கும் மூன்றடுக்குக் கேக் ஒரு ரிசப்ஷனில் ஒருக்களித்து நின்றது. அடுத்த கல்யாணத்தில் மேலடுக்கு நழுவி அட்டைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. பெண்ணின் அம்மா போனில் அழுதாள்.

"கேக் தள்ளாடல. ஓட்டுறவருதான் தள்ளாடுறாரு," என்றாள் ஆஞ்சலா.

"நான் இல்ல ஆஞ்சலா, வண்டி. திருப்பத்துல ஒரு பக்கமா படுத்துக்குது. ஸ்டெபிலைசர் ராடும் லிங்க் ராடும் மாத்தணுமாம். ரங்கநாதன் சொல்றாரு."

மெக்கானிக் ரங்கநாதனின் ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே ஒயின் ஷாப். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்? ஆஞ்சலா ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு நோயலையும் இழுத்துக்கொண்டு அவளே கிளம்பிப் போனாள்.

"இல்லி நோடி மேடம், இங்க பாருங்க," என்று காரின் அடியைக் காட்டினார் ரங்கநாதன். "முன்சக்கரம் ரெண்டையும் இந்த ராடு சேத்துப் பிடிச்சிருக்கும். வளைவுல வண்டி சாஞ்சா இதுதான் இழுத்து நிறுத்தும். ராடு முனையில இருக்கற இந்தச் சின்ன லிங்க் தேஞ்சுபோச்சு. அப்புறம் ராடு இருந்து என்ன பண்ண? கேக் ஏத்துற வண்டி, கொஞ்சம் தடிமனான ராடாவே போட்டுடலாம்."

கழற்றிய லிங்க்கை ஆட்டினார். கடகடவென்றது.

"இது யாரு வண்டியில கழட்டினது?" என்றாள் ஆஞ்சலா.

ரங்கநாதன் நோயலைப் பார்த்தார். நோயல் தரையைப் பார்த்தான். அவளோ எதிர்க்கடைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோயலைக் கண்டு அவன் சிரிக்கிறானா, கையாட்டுகிறானா? ஒன்றுமில்லை. முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகத்துக்கு எதைப் போட்டாலும் தீனிதான்.

தடித்த ராடும் புது லிங்க்குகளும் ஏறின. அந்தச் சனிக்கிழமை ஆனேக்கலில் ஒரு ரிசப்ஷன். கேக்கோடு பின்சீட்டில் அவளும் ஏறிக்கொண்டாள்.

சந்தாபுரத்தில் திரும்பும்போது ஒரு பஸ் குறுக்கே நுழைந்தது. நோயல் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினான். ஆஞ்சலா கண்ணை மூடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். கார் படுக்கவில்லை. நிமிர்ந்தபடியே திரும்பியது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால்தான் புது ராடு முரட்டுத்தனமாக வண்டி முழுவதையும் உலுக்கியது. அதனால் நோயல் குழிக்குக் குழி ஊர்ந்து போனான். கண்ணாடியில் அவன் கண்கள் அடிக்கடி கேக் பெட்டிக்கு வந்து போயின.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் ஒரு ரோஜாகூட அசையவில்லை. ஆஞ்சலாவுக்கு அழுகை முட்டியது. சாய்ந்தது வண்டிதான். பாவி, இத்தனை நாள் இந்த மனுஷனை என்ன பாடு படுத்திவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் அவள் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். நோயல் படிக்குக் கீழே வாயைத் திறந்தபடி நின்றிருந்தான்.

"ஐயோ, என்னங்க இது? கூடவேதான இருந்தேன்!"

"இருந்த. ஆனா நீ கேக்கை அடுக்கறப்ப நான் வண்டி நிறுத்தப் போனேன்ல? படுத்தா அது நெனப்பு வரும் உனக்கு. மோந்துடு, நிம்மதியா தூங்குவ." அவன் குரலில் கோபமே இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கொஞ்ச நேரம் அவளை அரித்துக்கொண்டுதான் இருந்தது. வெட்கத்தில் முகம் சுட, குனிந்து முகர்ந்தாள். டீ வாசனை.

நோயல் செருப்பைக் கழற்றினான்.